கொட்டகைச் சுவர்க் கணக்கு

ஜூலை பதினாறு. மண்வெட்டி, வாளி, தோட்டக் குழாய்.
வெர்லின் ட்யேடனின் கிழக்கு வயலில்
போன வாரத்துச் சாதாரண மழைக்கே
மக்காச்சோளம் சாய்ந்துவிட்டது.
சாய்ந்தது மறுபடி நிமிரப் பார்த்ததில்
தண்டெல்லாம் வாத்தின் கழுத்து.

ஒன்றைப் பிடித்து இழுத்தேன்.
தொப்பி கழற்றுவதுபோல் கையோடு வந்தது.
அவ்வளவு எளிதாக எதுவும்
தெற்கு டகோட்டாக் களிமண்ணை விட்டு வராது.

குழாயைத் திருப்பினேன்.
மண் கரையக் கரைய வெளிப்பட்டது
வேர் இருந்திருக்க வேண்டிய இடம்.
மூன்றடுக்கில் இரண்டடுக்கு
பழுப்புக் கட்டைகளாய், பள்ளிக்கூடப் பிள்ளை
கடித்துத் துப்பிய பென்சில் முனைகளாய்.

"நீ சொன்னதைத்தானே செய்தேன், லவோன்."
குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடம்.

கொட்டகைக்குள் கூட்டிப்போனார்.
தகரச் சுவரில் சுண்ணக்கட்டி எழுத்து:
சோளம். சோயா. சோளம். சோயா.
பத்தொன்பது வருடம், ஒரு வரி பிசகவில்லை.
மனைவி ஆர்டெல் இறந்த வருடம்கூட
சோயா. எழுத்து மட்டும் கொஞ்சம் கோணல்.

நான் கொடுத்த கணக்குத்தான்.
ஆகஸ்டில் வண்டு சோளத்தடியில் முட்டையிடும்.
அடுத்த ஜூனில் புழு பொரித்து வெளியே வந்தால்
சுற்றிலும் சோயா வேர், வாய்க்கு ஆகாது.
ஒரு முழம் ஊர்வதற்குள் செத்துப்போகும்.
மருந்துச் செலவில்லை, விதைச் செலவில்லை.
கூட்டங்களில் இதைச் சொல்லும்போது
என் காபி ஆறிப்போவதே எனக்குத் தெரியாது.

ஆனால் எங்கோ ஒரு முட்டை
ஜூன் வந்து தட்டியபோது எழவில்லை.
கூடப் பிறந்ததெல்லாம்
எழுந்து பட்டினியில் போக
இது இன்னொரு பனியை இழுத்துப் போர்த்திக்கொண்டது.
விழித்தபோது தலைக்குமேல் சோளம்.
தின்றது. வெளிர்ப்பச்சை வண்டாயிற்று.
தன் சோம்பலைப் பிள்ளைகள் பேருக்கு எழுதிவைத்தது.
பத்தொன்பது வருடம் நாங்கள்
சோம்பேறிகளை மட்டும் பொறுக்கி வளர்த்திருக்கிறோம்.

உங்கள் ஒழுங்குதான் அதற்குச் சோறு போட்டது என்று
ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.
வாளியைப் பார்த்துச் சொன்னேன்.

நெடுநேரம் சுவரையே பார்த்தார்.
"அப்போ, முறை தவறணும்."

விதைக்கும்போதே சாலில் மருந்திடலாம், ஏக்கருக்கு இவ்வளவு.
வேரைக் காக்கும் விதை வாங்கலாம், மூட்டைக்கு இவ்வளவு.
விதை அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
சட்டைப்பையில் வைத்தார், படிக்கவில்லை.
வரும் வருடம் சோயா. அதற்கடுத்து ஓட்ஸ்.
ஊர்க் கிடங்கில் ஓட்ஸ் எடுப்பதில்லை.
நாற்பது மைல் தள்ளிக் குதிரை வளர்ப்பவள் ஒருத்தி
எடுப்பாளாம். விலை பேசவில்லை.

சுவரில் இடம் தீர்ந்திருந்தது.
தள்ளுகதவில் எழுதினார்: ஓட்ஸ்.
கேள்விக்குறி போடப்போன கை
ஒரு புள்ளியோடு நின்றது.

இரண்டாம் ஜூன். ஓட்ஸ் முழங்காலளவு.
ஒரு கூடை மண்ணை உப்புநீரில் கரைத்தேன்.
வெள்ளையாய் மிதந்தது வேர்த்துணுக்கு,
அதுவும் வேர்த்துணுக்கு,
அடுத்தது நெளிந்தது.
பழுப்புத் தலை, நூல் கனத்தில் உடம்பு.
எதைத் தேடி வந்ததென்று
அதற்கும் எனக்கும் தெரியும்.

இருமுறை எண்ணினேன். "பதினொன்று.
இங்கே இரை இல்லை, போய்விடும்."

"எழாதவை?"

மூன்றாம் பனிக்கும் உறங்குபவை உண்டு.
சில, நான்காவதுக்கும்.
"முட்டையை இந்த வாளி காட்டாது, வெர்லின்."

தலையாட்டிவிட்டு நடந்தார்.
கொட்டகைக் கதவைத் தள்ள,
ஓட்ஸ் என்ற சொல்
சோளம் சோயாவின்மேல் நழுவிப்போய் மூடி நின்றது,
டிராக்டர் வெளியே வருகிறவரை.